அட்டவணையில் 206, விளையாட்டில் 205: போக்கிமான் புள்ளிக் கணக்கில் எங்கே தவறுகிறேன்?

பதிவு 1 | மழைக்குருவி

அனைவருக்கும் வணக்கம். போக்கிமான் ஸ்கார்லெட் விளையாட்டில் இரட்டையர் மோதலுக்காக ஓர் அணி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு போக்கிமானுக்கும் லெவல் 50இல் என்ன மதிப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எக்ஸெல்லில் ஓர் அட்டவணை போட்டேன். இரண்டு இடங்களில் இடிக்கிறது.

ஃப்ளட்டர் மேனின் அடிப்படை வேகம் 135. ஐவி (பிறவி மதிப்பு) 31, ஈவி (பயிற்சியால் சேரும் புள்ளி) 252, வேகத்தை ஏற்றும் டிமிட் குணம். அட்டவணை 206 என்கிறது. மோதலில் 205தான் காட்டுகிறது.

இன்சினரோரின் அடிப்படை உயிர் 95. ஐவி 31, ஈவி 252. அட்டவணையில் 147. மோதலில் 202. இது ஒரு புள்ளி இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லை, எங்கோ அடியோடு தவறியிருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கே கேட்டாலும் "252, 252, 4" என்றே சொல்கிறார்கள். ஏன் அப்படி என்று யாரும் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

பதிவு 2 | கணக்குப்பிள்ளை

தம்பி, இரண்டு தவறும் எல்லோரும் முதல் முறை செய்கிறவைதான்.

முதலில் வேகம். அடிப்படை மதிப்பை இரண்டால் பெருக்கு. அதோடு ஐவியையும் ஈவியில் நான்கில் ஒரு பங்கையும் கூட்டு. வந்ததை லெவலால் பெருக்கி நூறால் வகு. பின்னத்தை வெட்டிவிட்டு 5 கூட்டு. கடைசியில் குணம்: ஏற்றினால் 1.1, இறக்கினால் 0.9. மறுபடி பின்னத்தை வெட்டு.

உன் ஃப்ளட்டர் மேன்: 270 + 31 + 63 = 364. லெவல் 50 என்பதால் பாதி, 182. ஐந்து கூட்டினால் 187. அதை 1.1ஆல் பெருக்கினால் 205.7. உன் அட்டவணை இதை அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோய் 206 ஆக்கிவிட்டது. விளையாட்டு அப்படிச் செய்யாது. தசமத்துக்குப் பின்னால் 9 இருந்தாலும் வெட்டிக் கீழே தள்ளும். எக்ஸெல்லில் 'ரவுண்ட்' போட்ட இடத்திலெல்லாம் 'இன்ட்' போடு. ஒவ்வொரு படியிலும் வெட்ட வேண்டும். கடைசியில் ஒரே தடவை வெட்டினால் வேறு இடத்தில் இடிக்கும்.

உயிருக்குச் சூத்திரம் வேறு. அங்கே 5 கிடையாது, லெவலும் 10ம் சேரும். லெவல் 50 என்றால் 60. குணம் உயிரைத் தொடவே தொடாது. இன்சினரோர்: 190 + 31 + 63 = 284, பாதி 142, அதோடு 60, ஆக 202. நீ 60க்குப் பதிலாக 5 கூட்டியிருக்கிறாய், அதனால்தான் 147.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ஷெடிஞ்ஜா. அதற்கு என்ன செய்தாலும் உயிர் 1தான்.

பதிவு 3 | மழைக்குருவி

இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி அண்ணா. அணியில் உள்ள ஆறு போக்கிமானையும் ஒவ்வொன்றாக மோதலில் ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்துகின்றன. அந்த 252 சமாசாரம் மட்டும் பாக்கி.

பதிவு 4 | பழைய_ரூபி

252க்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1996இல் ஜப்பானில் ரெட், கிரீன் வந்தபோது பங்கீடு என்ற பேச்சே இல்லை. பிறவி மதிப்பு 0 முதல் 15 வரை. பயிற்சியால் வருவதற்கு ஒவ்வொரு மதிப்புக்கும் 65,535 என்ற உச்சவரம்பு மட்டும் உண்டு, மொத்த வரம்பு கிடையாது. பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிடலாம். சிறப்புத் தாக்குதலும் சிறப்புத் தற்காப்பும்கூட அப்போது தனித்தனி இல்லை, 'ஸ்பெஷல்' என்ற ஒன்றே. 1999இல் வந்த கோல்ட், சில்வர்தான் அதைப் பிரித்தது.

எல்லாம் மாறியது 2002இல், ரூபி, சஃபயரில். ஐவி 31 வரை போனது, 25 குணங்கள் வந்தன, ஈவி மொத்தம் 510ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பு வந்தது. என்னைக் கேட்டால் அன்றைக்குத்தான் இது திட்டமிட்டு ஆடும் ஆட்டமானது. ஒன்றை ஏற்ற வேண்டுமானால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அப்போது ஒரு மதிப்புக்கு உச்சம் 255. ஆனால் நான்கால் வகுத்து வெட்டினால் 255க்கும் 63, 252க்கும் 63. மூன்று வீண். அதனால்தான் எல்லோரும் 252இல் நிறுத்தினோம். 2013இல் எக்ஸ், ஒய் வந்தபோது விளையாட்டே உச்சத்தை 252 ஆக்கிவிட்டது. 510இல் இரண்டு 252 போனால் மிச்சம் 6, அதில் 4 மட்டுமே பயன்படும். அதுதான் 252, 252, 4.

அந்த நாளில் ஈவி திரையில் தெரியாது. எதைத் தோற்கடித்தால் எத்தனை கிடைக்கும் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே ஆடுவேன். ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக்கோடு. இடையில் யாராவது கூப்பிட்டு, வேறு ஏதாவது ஒன்றைத் தவறுதலாக அடித்துவிட்டால் கணக்குப் போனது போனதுதான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதிவு 5 | கணக்குப்பிள்ளை

ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். லெவல் 50இல் ஐவி 31 என்றால் முதல் புள்ளிக்கு 4 ஈவி போதும், அதற்குமேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 8 ஈவி வேண்டும். காரணம் எளிது. அடிப்படையின் இரு மடங்கு இரட்டை எண், 31 ஒற்றை எண், கூட்டினால் ஒற்றை எண். பாதியாக்கும்போது அரை ஒன்று வெட்டுப்படுகிறது. முதல் 4 ஈவி அந்த அரையை மீட்டுத் தருகிறது. அதற்குப் பிறகு அரை அரையாகத்தான் ஏறும்.

ஆகவே 4, 12, 20, 28, 36 என்ற வரிசையில் இல்லாத எண் எதுவும் லெவல் 50இல் வீண். யாராவது 100க்குப் பதில் 104 போட்டிருந்தால் அந்த 4 ஈவி சும்மா கிடக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

252, 252, 4 என்று போட்டால் கிடைப்பது 32 + 32 + 1 = 65 புள்ளி. ஆறு மதிப்புக்கும் பரப்பிப் போட்டால் 66. மொத்தத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த 65ஐயும் எந்த எண்ணை எட்டுவதற்காகச் செலவழிக்கிறாய் என்பதுதான். எண்ணே மனத்தில் இல்லாமல் 252 போடுவது, எந்த ஊர் என்று சொல்லாமல் டிக்கெட் வாங்குவது போல.

பதிவு 6 | மழைக்குருவி

அப்படியானால் எனக்கு ஒரு எண் இருக்கிறது.

நேற்று நடந்தது. எதிரியிடம் கார்சோம்ப். என் இன்சினரோர் களத்துக்கு வந்ததும் இன்டிமிடேட் என்ற அதன் திறன் கார்சோம்பின் தாக்குதலை ஒரு படி இறக்கியது. கார்சோம்ப் எர்த்க்வேக் (நில வகை அடி) அடித்தது. பாதி உயிர் போனது. அடுத்த சுற்றிலும் எர்த்க்வேக். இன்சினரோர் விழுந்தது. அந்த ஒரு சுற்று நின்றிருந்தால் ஆட்டம் என் பக்கம்.

அப்போது என் இன்சினரோருக்கு உயிரில் 252, தாக்குதலில் 252, சிறப்புத் தற்காப்பில் 4. தற்காப்பில் ஒன்றுமில்லை. எத்தனை போட்டிருந்தால் இரண்டு அடியையும் தாங்கியிருக்கும்?

பதிவு 7 | நீலத்தும்பி

எனக்குப் பிடித்த வகைக் கேள்வி. படிப்படியாகப் போடுகிறேன்.

கார்சோம்பின் அடிப்படைத் தாக்குதல் 130. பெரும்பாலோர் ஜாலி குணத்தோடு (வேகத்தை ஏற்றும், தாக்குதலைத் தொடாது) தாக்குதலில் 252 போடுவார்கள், அதாவது 182. இன்டிமிடேட்டுக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு, 121. உன் இன்சினரோரின் தற்காப்பு ஈவி இல்லாமல் 110.

லெவல் 50இல் சேதக் கணக்கு 22 என்ற எண்ணில் தொடங்கும். 22 × 100 (எர்த்க்வேக்கின் வலிமை) × 121 ÷ 110 = 2420. ஐம்பதால் வகுத்தால் 48, இரண்டு கூட்டினால் 50. இரட்டையர் மோதலில் பலரைத் தாக்கும் அடி என்பதால் முக்கால் பங்கு, 37. (அடிபடுவதற்குக் களத்தில் ஒருவர்தான் மிச்சம் என்றால் இந்தக் குறைப்பு கிடையாது, கவனம்.) அடுத்து விளையாட்டு 85 முதல் 100 வரை ஒரு சதவீதத்தைக் குலுக்கி எடுக்கும், மொத்தம் 16 வாய்ப்பு. பிறகு சொந்த வகை அடி என்பதற்கு ஒன்றரை மடங்கு, நெருப்பு மேல் நிலம் என்பதால் இரு மடங்கு.

முடிவு: ஓர் அடிக்குக் குறைந்தது 92, அதிகம் 110. உன் உயிர் 202. இரண்டு அடியும் குறைவாக விழுந்தால் 184, நிற்பாய். இரண்டும் அதிகமாக விழுந்தால் 220, விழுவாய். பதினாறுக்குப் பதினாறு, 256 சேர்க்கையையும் எண்ணிப் பார்த்தேன். 127 சேர்க்கையில் விழுகிறாய். நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

பதிவு 8 | கணக்குப்பிள்ளை

அழகான கணக்கு. இதையே திருப்பிப் போடுவோம்.

இரண்டு அடியும் சேர்ந்து 201க்குள் அடங்க வேண்டும். அதாவது ஓர் அடி 100ஐத் தாண்டக்கூடாது. பின்னோக்கிப் போனால், முக்கால் பங்குக்குப் பிறகு வரும் எண் 33ஆக இருக்க வேண்டும். அது 34 ஆனால் உச்ச அடி 102 ஆகிவிடும். 33 வர அதற்கு முந்தைய எண் 44, அதற்குத் தற்காப்பு 124 வேண்டும். அப்போது ஓர் அடியின் உச்சம் 98, இரண்டுக்கும் 196. ஆறு உயிரோடு நிற்பாய்.

110இலிருந்து 124க்கு 14 புள்ளி. 4 + 13 × 8 = 108 ஈவி.

ஆனால் குணத்தைத் தற்காப்பை ஏற்றும் இம்பிஷ் ஆக்கினால் கதை மாறுகிறது. 110இன் 1.1 மடங்கு 121. ஈவி ஒன்றுகூடப் போடாமல் 121! இன்னும் மூன்று புள்ளி ஏற்றினால் 113, அதன் 1.1 மடங்கு 124.3, ஆக 124. செலவு 20 ஈவி மட்டும். இறங்குவது சிறப்புத் தாக்குதல், அது இன்சினரோருக்கு எதற்கும் ஆகாது. 88 ஈவி மிச்சம்.

ஏற்றும் குணம் உள்ள மதிப்பில் ஒன்றைக் கவனி. 109இன் 1.1 மடங்கு 119.9, அதாவது 119. 110க்கு 121. இடையில் 120 என்ற எண்ணே கிடையாது. குணத்துக்கு முந்தைய எண் பத்தின் மடங்கைத் தொடும்போதெல்லாம் ஒரு புள்ளிச் செலவில் இரண்டு புள்ளி கிடைக்கும். அங்கே நிறுத்துவது லாபம்.

பதிவு 9 | நீலத்தும்பி

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தற்காப்பு 123இல் நிறுத்தினால் என்ன? அதற்கு 100 ஈவி போதும். அப்போது உச்ச அடி 102, அதற்கு அடுத்தது 98. இரண்டு அடியும் உச்சத்தில் விழுந்தால்தான் 204. ஒன்று உச்சம், மற்றது 98 என்றால் 200, நிற்கிறது. விழும் வாய்ப்பு 256இல் 1. அந்த ஒன்றுக்காக 8 ஈவி கொடுப்பது நியாயமா?

அதோடு, நாம் யாருமே கிரிட்டிக்கல் அடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓர் அடி கிரிட்டிக்கல் ஆகும் வாய்ப்பு 24இல் 1. கிரிட்டிக்கல் அடிக்கு இன்டிமிடேட் தெரியாது, தாக்குதல் மறுபடி 182 ஆகிவிடும், மேலே ஒன்றரை மடங்கு. தற்காப்பு 124 இருந்தாலும் அந்த ஓர் அடியே 186 முதல் 218 வரை. இரண்டு அடியில் ஒன்றாவது கிரிட்டிக்கல் ஆகும் வாய்ப்பு 576இல் 47, அதாவது 8 சதவீதத்துக்கும் மேல். 256இல் ஒன்று என்பது அரை சதவீதம்கூட இல்லை. வாசல் திறந்து கிடக்கும்போது சன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடுகிறோம்.

பதிவு 10 | கணக்குப்பிள்ளை

கோபம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி.

கிரிட்டிக்கலை நான் ஈவி போட்டு நிறுத்த முடியாது. அந்த 8 சதவீதம் எந்தப் பங்கீட்டிலும் அப்படியேதான் இருக்கும். என் கையில் இருப்பது மற்றது மட்டும். ஒரு புள்ளியில் 'பெரும்பாலும் தாங்கும்' என்பது 'கிரிட்டிக்கல் இல்லாவிட்டால் நிச்சயம் தாங்கும்' என்று மாறுகிறது. அந்த உறுதி இருந்தால் களத்தில் நான் யோசிக்கும் விதமே மாறும். இரண்டாவது அடிக்கு இன்சினரோரை வெளியே இழுப்பதா வேண்டாமா என்று தடுமாற மாட்டேன்.

ஆனால் அந்த 8 ஈவி வேறோர் இடத்தில் 256இல் இருபதைத் தடுக்கும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு அங்கே கொடுப்பேன். விலையைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

பதிவு 11 | நீலத்தும்பி

அந்தக் கடைசி வரியோடு உடன்படுகிறேன். அப்படியென்றால் மிச்சமாகும் ஈவி எங்கே போகிறது என்று தெரியாமல் இந்த வாதம் முடியாது.

பதிவு 12 | தாழைமடல்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

ஒன்று. இரட்டையர் மோதலில் எர்த்க்வேக் தன் கூட்டாளியையும் அடிக்கும். அதனால் பலர் கார்சோம்புக்கு ஸ்டாம்பிங் டான்ட்ரம் கொடுக்கிறார்கள். வலிமை 75, ஒருவரை மட்டும் அடிக்கும், முக்கால் குறைப்பு இல்லை. நூறில் முக்கால் 75தானே, இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை! சேதக் கணக்கில் கூட்டுகிற அந்த 2 முக்கால் பங்குக்கு முன்னால் வருகிறது. எர்த்க்வேக்கில் அந்த 2ம் சுருங்குகிறது. டான்ட்ரமில் முழுதாக நிற்கிறது.

தற்காப்பு 124க்கு எதிராகப் போட்டுப் பார்த்தேன். 22 × 75 × 121 ÷ 124 = 1610. ஐம்பதால் வகுத்தால் 32, இரண்டு கூட்டினால் 34. நமக்கு வேண்டாத அதே 34. உச்ச அடி 102, இரண்டும் உச்சம் என்றால் 204. உங்கள் 256இல் ஒன்று திரும்பி வந்துவிட்டது. தற்காப்பு 125 என்றால் 33க்கு இறங்கிவிடும். எனவே இலக்கு 125. இம்பிஷில் 28 ஈவி.

இரண்டு. அந்த '88 ஈவி மிச்சம்' என்பதை நான் நம்பவில்லை. இம்பிஷ் தற்காப்பை ஏற்றுகிறது, சரி. கேர்ஃபுல் சிறப்புத் தற்காப்பை ஏற்றுகிறது, அதுவும் இறக்குவது இதே சிறப்புத் தாக்குதலைத்தான். குணம் ஒன்றுதான். ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் கிடையாது. இரண்டையும் கடைசிவரை போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டிலும் உயிரில் 252. உயிரா தற்காப்பா எதை முதலில் ஏற்றுவது என்பதற்கு நான் பார்ப்பது: உயிர், இரண்டு தற்காப்பின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்கும்வரை உயிருக்கே முதலிடம். இன்சினரோருக்கு 202, மறுபக்கம் 110 + 110 = 220. ஆகவே முழு 252.

இம்பிஷ்: தற்காப்பில் 28, மதிப்பு 125. மிச்சத்தில் 228 சிறப்புத் தற்காப்புக்கு, மதிப்பு 139.

கேர்ஃபுல்: தற்காப்பில் 116, மதிப்பு 125. மிச்சத்தில் 140 சிறப்புத் தற்காப்புக்கு. 128இன் 1.1 மடங்கு 140.8, மதிப்பு 140.

இரண்டிலும் மொத்தம் 508. தற்காப்பு சமம். கேர்ஃபுல் ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது.

பதிவு 13 | கணக்குப்பிள்ளை

தாழைமடல் அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒரு பக்கத்துச் செலவை மட்டும் பார்த்து 88 மிச்சம் என்று எழுதிவிட்டேன், அது தவறு. அந்த 2 எங்கே கூட்டப்படுகிறது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான், இந்த இடத்தில் நினைவுக்கு வரவில்லை. பதிவு 8ஐத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், பின்னால் வாசிப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து கண்ணில் படட்டும்.

பதிவு 14 | பழைய_ரூபி

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

2014 உலகப் போட்டி நினைவுக்கு வருகிறது. வாஷிங்டனில் நடந்தது. தென் கொரியாவின் செஜுன் பார்க் பச்சிரிசுவோடு வந்து பட்டத்தை வென்றார். ஆறு அடிப்படை மதிப்பையும் கூட்டினால் 405தான் வரும் ஒரு சின்ன அணில். கார்சோம்புக்கு 600. எல்லோரும் வியந்தார்கள், ஆனால் கணக்கைப் பார்த்தால் வியப்பில்லை. அது அடிப்பது சூப்பர் ஃபாங், எதிரியிடம் இருக்கும் உயிரில் பாதியைப் பறிக்கும். அதற்குத் தாக்குதல் புள்ளி ஒன்றுகூடத் தேவையில்லை. ஃபாலோ மீ எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். அடிக்க வேண்டாம் என்று முடிவானபின் ஈவி முழுவதையும் தாங்குவதற்கே கொடுக்கலாம். இம்பிஷ் குணத்தோடு உயிரிலும் தற்காப்பிலும் 252 போட்டால் லெவல் 50இல் உயிர் 167, தற்காப்பு 134. இங்கே 252 சோம்பலில் விழுந்த எண் இல்லை, வேண்டுமென்றே வைத்தது.

மழைக்குருவி, உன் இன்சினரோரும் அடிப்பதற்காக வரவில்லை. தாக்குதலில் 252 எதற்கு என்று உன்னையே கேட்டுப் பார்.

பதிவு 15 | மழைக்குருவி

கேட்டுப் பார்த்தேன் ஐயா, பதில் இல்லை. எல்லோரும் போடுகிறார்கள் என்பதால் போட்டேன். எடுத்துவிடுகிறேன்.

என் அணியிலும் ஒரு கார்சோம்ப் இருக்கிறது, அதற்குத் தாக்குதலை ஏற்றும் அடமன்ட்டா, வேகத்தை ஏற்றும் ஜாலியா என்று குழப்பம். டெயில்விண்ட் வைத்திருக்கிறேன்.

பதிவு 16 | நீலத்தும்பி

டெயில்விண்ட் இருந்தால் வேகம் இரு மடங்கு. இங்கே ஒரு அருமையான எண் இருக்கிறது.

டிமிட் ஃப்ளட்டர் மேன் 205. பூஸ்டர் எனர்ஜி என்ற பொருள் கையில் இருந்தால் அதன் மதிப்புகளில் எது அதிகமோ அது ஏறும். வேகம் என்றால் ஒன்றரை மடங்கு, 307. (உன் ஃப்ளட்டர் மேனுக்கும் இதைப் பார். அதன் சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றுக்கும் அடிப்படை 135தான். சிறப்புத் தாக்குதலை ஏற்றும் மாடெஸ்ட் குணம் போட்டால் சிறப்புத் தாக்குதல் முந்திவிடும், பூஸ்டர் அங்கே போய்விடும், வேகம் ஏறாது.)

இப்போது கார்சோம்ப். அடிப்படை வேகம் 102. வேகத்தைத் தொடாத குணம், ஈவி 252: மதிப்பு 154. டெயில்விண்டில் 308. எதிரி 307! ஒரே ஒரு புள்ளியில் முந்துகிறாய். ஜாலி குணத்தில் இதே 154க்கு 140 ஈவி போதும்.

தாக்குதல் 182, வேகம் 154 வேண்டும் என்று வைத்துக்கொள். ஜாலியில் 252 + 140 = 392 ஈவி. அடமன்ட்டில் 124 + 252 = 376. அடமன்ட் 16 ஈவி மலிவு. மிச்சத்தை உயிரில் போடு. டெயில்விண்ட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் ஜாலிதான், 169 வரை போகும். உன் அணியில் டெயில்விண்ட் எத்தனை ஆட்டத்தில் எழுகிறது என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவு 17 | தாழைமடல்

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம்தான் மனம் நொந்துபோனேன்.

நான் ட்ரிக் ரூம் ஆடுபவள். ட்ரிக் ரூமில் மெதுவானதுதான் முதலில் அடிக்கும். என் டோர்கோலின் அடிப்படை வேகம் 20. வேக ஐவி 0, வேகத்தை இறக்கும் குணம்: 40இல் பாதி 20, ஐந்து கூட்டி 25, அதன் 0.9 மடங்கு 22.5, ஆக 22. எதிரி அமூங்கஸை எவ்வளவுதான் மெதுவாக்கினாலும் 31க்குக் கீழே போகாது. ஆகவே அது ஸ்போர் தூவித் தூங்க வைப்பதற்குள் என் டோர்கோல் இரப்ஷன் அடித்துவிடும். இரப்ஷன் உயிர் நிறைந்திருக்கும்போது 150 வலிமை, உயிர் குறையக் குறைய வலிமையும் குறையும். முதலில் அடித்தே ஆக வேண்டும்.

மற்ற ஐவி சில குறைவாக இருந்தன. கையில் ஐவியை உச்சத்துக்கு ஏற்றும் தங்க மூடி ஒன்று இருந்தது. அவசரத்தில் கொடுத்துவிட்டேன். அது ஆறையும் சேர்த்து ஏற்றிவிடும் என்பது கொடுத்து முடித்த பிறகுதான் உறைத்தது. வேகம் 22 போய் 36 ஆனது. இப்போது ட்ரிக் ரூமில் அமூங்கஸ் 31, நான் 36. அது முந்திக்கொள்கிறது. ஏற்றியதை இறக்க வழியில்லை. வெள்ளி மூடி என்றால் வேண்டிய மதிப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றலாம். ட்ரிக் ரூம் போக்கிமான் எதற்கும் தங்க மூடி கொடுக்காதீர்கள்.

பதிவு 18 | கணக்குப்பிள்ளை

அக்கா, அந்த டோர்கோலை விட்டுவிடாதீர்கள். மூடியால் ஏற்றிய ஐவி மோதலுக்கு மட்டும்தான், முட்டைக்குப் போவது பழைய பிறவி மதிப்பே. உள்ளே இன்னும் அந்த 0 இருக்கிறது. பெற்றோரில் ஒன்றாக அதை வையுங்கள், ஒன்றின் கையில் டெஸ்டினி நாட் கொடுங்கள். இரு பெற்றோரின் 12 ஐவியில் ஐந்து இறங்கும், சில முட்டைகளில் அந்த 0 வந்துவிடும். மற்றதன் கையில் எவர்ஸ்டோன் இருந்தால் அதன் குணமும் அப்படியே வரும்.

பதிவு 19 | தாழைமடல்

இது எனக்குத் தெரியாது! இன்றிரவே முட்டை எடுக்கிறேன். நன்றி தம்பி.

பதிவு 20 | மழைக்குருவி

செய்து முடித்துவிட்டேன், எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

இன்சினரோர்: கேர்ஃபுல், உயிர் 252, தற்காப்பு 116, சிறப்புத் தற்காப்பு 140. பழைய தாக்குதல் ஈவியைக் கெல்ப்ஸி பெர்ரி கொடுத்து இறக்கினேன், ஒன்றுக்குப் பத்து வீதம் 26 பெர்ரி. சிறப்புத் தற்காப்புக்கு, ஒன்றுக்குப் பத்து ஏற்றும் ஜிங்க் மருந்து 14 வேண்டும், ஆனால் முன்பே 4 ஈவி இருந்தது. அதனால் 13 கொடுத்து, மீதி 6ஐ ஒவ்வொன்றாக ஏற்றும் இறகுகளால் நிரப்பினேன். தற்காப்புக்கு அயர்ன் 11, இறகு 6. மருந்து ஒன்றுக்கு 10,000 வீதம் 24க்கு 2,40,000 செலவு. குணத்தை மாற்ற ஒரு மின்ட். மோதலில் நுழைந்ததும் முதல் வேலையாக மதிப்புகளைப் பார்த்தேன்: 202, 125, 140. அட்டவணையில் இருந்தது அப்படியே.

நான்காவது ஆட்டத்தில் கார்சோம்ப் வந்தது. இன்டிமிடேட் விழுந்தது. முதல் சுற்றில் ஸ்டாம்பிங் டான்ட்ரம். நான் இன்சினரோரை மாற்றவில்லை. இரண்டாவது சுற்றிலும் ஸ்டாம்பிங் டான்ட்ரம். உயிர்ப்பட்டை சிவப்பில் போய் நின்றது. உயிர் 14 மிச்சம். அது நின்ற அந்தச் சுற்றில்தான் என் டெயில்விண்ட் எழுந்தது.

கார்சோம்பை அடமன்ட்டாக மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நீலத்தும்பி அண்ணா, அந்த 376 போக மிச்சம் 134 ஈவி இருக்கிறது. உயிரில் 132 போட்டால் 200 வருகிறது. இதை எந்த அடிக்கு எதிராகச் சரிபார்க்க வேண்டும்?

பதிவு 21 | நீலத்தும்பி

உன் ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்ட்டுக்கு எதிராகத் தொடங்கு. தேவதை வகை அடி, டிராகன் மேல் இரு மடங்கு. கார்சோம்பின் சிறப்புத் தற்காப்பு 105 என்று வைத்துப் போட்டுப் பார்த்து, வந்த எண்ணை இங்கே எழுது.